பள்ளத்தைப் பார்த்த வாசல்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் கரண்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளையே பொறுப்பு. மிக்சி சுற்றவில்லையா, கூப்பிடு. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோனதா, கூப்பிடு. எதிர்வீட்டு டிவியில் செய்தி வாசிக்கிறவர் பச்சையாகத் தெரிகிறாரா, அதற்கும் கூப்பிடு. மூங்கில்துறைப்பட்டில் எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் படித்த ஒரே பெண் நான். இதில் எதையும் என்னால் சரிசெய்ய முடிந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் போய், கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போர்டு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு வருவேன். (மோட்டாருக்கும் அதையேதான் சொன்னேன்.)

உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மரம் வைப்பது.

பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில், கூடப் படித்த ஒருத்தி பென் டிரைவிலிருந்து ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தாள். கோட்டை கட்டி, படை திரட்டி, எதிரி ராஜாவை ஜெயிக்க வேண்டிய விளையாட்டு. நான் கோட்டைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரி வந்து ஊரைக் கொளுத்திவிட்டுப் போய்விடுவான். ஒவ்வொரு முறையும் இதே கதை. நொந்துபோயிருந்த சமயத்தில்தான் அதே விளையாட்டுக்குள் மேப் எடிட்டர் என்று ஒரு பகுதி இருப்பதைக் கண்டுபிடித்தேன். அங்கே எதிரி வரமாட்டான். காலி நிலம் ஒன்று கொடுத்துவிடுவார்கள். ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கும். மரம், பாறை, வேலி, வீடு, படைக்கொட்டில், ஆடு, யானை. வேண்டியதைத் தேர்ந்தெடுத்து நிலத்தில் ஒரு தட்டு தட்டினால் அது அங்கே உட்கார்ந்துகொள்ளும். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம். வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு அதிகாரத்தை வேறு யாரும் கொடுத்ததில்லை.

கல்லூரிக் காலம் முழுக்க, எதிரியே இல்லாத ஊர்களாகக் கட்டித் தள்ளினேன். அம்மா எட்டிப் பார்ப்பாள். நான் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு பாறையை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருப்பேன். புள்ள படிக்குது என்று சத்தமில்லாமல் டீயை வைத்துவிட்டுப் போவாள்.

என் ஊர்களுக்கு ஒரு தனி பாணி இருந்தது. எதற்கும் எதற்கும் நடுவில் இடைவெளி விடமாட்டேன். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் காலி இடம் தெரிந்தால் எனக்குப் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். வீட்டை ஒட்டி வீடு, அதை ஒட்டி வேலி, அதை ஒட்டிப் பாறை. பார்க்கப் பாய் பின்னினாற்போல இருக்கும். என் ஊர்களில் ஆட்கள் எந்தப் பக்கமும் நடக்க முடியாது என்பதை நான் கவனித்ததே இல்லை. நான் யாரையும் நடக்கவிட்டதும் இல்லை.

இப்போது ஏழுமலை மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன். களமருதூரில் நெல் போடுகிறவர். அண்ணன் கல்யாணத்தில், பெண்ணின் அண்ணனான அவரிடம் சாப்பிட்டீர்களா என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கடைசிப் பந்தியில் தானாகப் போய் உட்கார்ந்தார். பாயசம் தீர்ந்துபோயிருந்தது. எழுந்து கை கழுவிக்கொண்டு போனவர்தான், அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாரே தவிர, வீட்டுக்கு வரவில்லை. பாயசம் என்ற வார்த்தையையே எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. பண்டிகைக்குக்கூடக் கேசரிதான்.

அண்ணன் பையன் கவினுக்குக் காது குத்த வேண்டிய நேரம் வந்தது. தாய்மாமன் மடியில் உட்காராமல் எப்படிக் காது குத்துவது. அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு களமருதூருக்குப் போனார்கள். மாமா தட்டை வாங்கி ஓரமாக வைத்தாராம். பிறகு, "வரேன். ஆனா அன்னிக்கி மாதிரி என்னை ஓரத்துல நிக்க வெச்சீங்கன்னா, நான் பாட்டுக்கு வண்டி ஏறிப் பூடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணி அன்றைக்கு அழுதாள். சந்தோஷத்திலா பயத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை.

விசேஷம் கல்வராயன் மலை மேல், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில். சின்னக் கோயில். பக்கத்தில் தினை அறுத்துப் போட்டிருந்த காலி நிலம். அதில்தான் பந்தல், சமையல், சாப்பாடு எல்லாம். இந்த முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்ய வேண்டும் என்று அப்பா முடிவு பண்ணிவிட்டார். யார் எங்கே உட்கார வேண்டும், எது எங்கே வர வேண்டும் என்று படமே போட்டுப் பந்தல்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என் வாழ்க்கையில் முதல்முறையாக, கூப்பிட்ட வேலை எனக்குத் தெரிந்த வேலையாக இருந்தது.

நான் மலைக்குப் போய் இடத்தைப் பார்க்கவில்லை. கொண்டை ஊசி வளைவு என்று யாராவது சொன்னாலே எனக்குக் குமட்டும். அண்ணன் பைக்கில் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். முழு இடமும் ஒரே போட்டோவில் வர வேண்டும் என்பதற்காக, நிலத்துக்கு முன்னாலிருந்த சரிவில் கொஞ்சம் இறங்கி நின்று, மேலே பார்த்து எடுத்திருந்தான். இடது பக்கம் கோயில், வலது பக்கம் அடுத்தவர் நிலத்துக் கல்கட்டு, நடுவில் காலி இடம்.

"ரோடு எங்கடா?" என்று கேட்டேன்.

"பின்னாடிதான்" என்றான்.

நிலத்துக்குப் பின்னால் என்று அவன் சொன்னான். போட்டோ எடுத்த அவனுக்குப் பின்னால் என்று நான் எடுத்துக்கொண்டேன். அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று நான் வாதாடிப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

எடிட்டரைத் திறந்தேன். பந்தல் என்று அதில் ஒன்றும் கிடையாது. பெரிய படைக்கொட்டிலைப் பந்தலாக வைத்தேன். மாவு மில்லைச் சமையல் கொட்டகையாக வைத்தேன். அந்த விளையாட்டில் கட்டடங்களைத் திருப்ப முடியாது. எல்லா வாசலும் பார்க்கிறவர் பக்கமே இருக்கும். ரோடும் அந்தப் பக்கம்தானே, ரொம்ப வசதி என்று நினைத்துக்கொண்டேன். கோயிலை ஒட்டிப் பந்தல், பந்தலை ஒட்டிச் சமையல் கொட்டகை, அதை ஒட்டிக் கல்கட்டு. ஒரு நூல் இடைவெளி இல்லை. பந்தலுக்குப் பின்புறம் கொஞ்ச இடம் மொட்டையாகத் தெரிந்தது. அழகுக்காக அங்கே சில ஆடுகளை வைத்தேன்.

அப்புறம் ஆட்கள். எங்கள் வீட்டார் எல்லோருக்கும் சாதாரணக் குடியானவன் பொம்மை. அப்பாவுக்குக் கோடாலி வைத்திருக்கிற பொம்மை. ஏழுமலை மாமாவுக்கு என்ன வைப்பது என்றுதான் ரொம்ப நேரம் யோசித்தேன். குதிரை வீரன் வைத்துப் பார்த்தேன், போதவில்லை. கடைசியில் பட்டியலிலேயே பெரியதான அம்பாரி யானையை எடுத்துப் பந்தலுக்கு நட்டநடுவில் நிறுத்தினேன். படத்தை எடுத்து, பந்தல் போடும் சேகர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எது பந்தல், எது சமையல் என்று மட்டும் எழுதியிருந்தேன். யானை யார் என்று எழுதவில்லை. அது குடும்ப விஷயம்.

சேகர் அண்ணன் வெள்ளிமலைக்காரர். அவருக்கு அதுவரை எல்லோரும் வாயால்தான் சொல்லியிருக்கிறார்கள். கலரில் படம் அனுப்பியது நான்தான் முதல். கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது அதைப் பிரிண்ட் போட்டு, லேமினேஷனும் செய்துகொண்டுவிட்டார். விசேஷத்துக்கு முந்தின நாள் போன் பண்ணினார்.

"யம்மா, படத்துல கீற மாதிரியே பண்ணிக்கினு கீறோம். யானை மட்டும் கெடைக்கலீங்க" என்றார்.

தமாஷ் பண்ணுகிறார் என்று சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

மறுநாள் காலையில் வேனில் மலை ஏறினோம். வளைவு தொடங்கியதிலிருந்து நான் பிளாஸ்டிக் கவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். வேன் எந்தப் பக்கம் நின்றது, நாங்கள் எந்தப் பக்கமாக உள்ளே போனோம், எதுவும் எனக்குத் தெரியாது. பந்தலின் ஒரு பக்கம் இன்னும் துணி கட்டாமல் வெறும் கம்பமாக இருந்தது. அதன் வழியாக எல்லோரும் சாமான்களோடு உள்ளே போய்விட்டோம். அது பின்பக்கம் என்று யாரும் யோசிக்கவில்லை. கவினுக்கு மொட்டை அடிக்கும் வேலை தொடங்கியது. அவன் போட்ட கத்தலில், சேகர் அண்ணனின் ஆட்கள் அந்தக் கடைசிப் பக்கத்தையும் கருஞ்சிவப்புத் துணியால் மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டி முடித்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

மாமா கிளம்பிவிட்டார், அடிவாரம் தாண்டிவிட்டார் என்று போன் வந்தது. அப்பா புது வேட்டியை இன்னொரு முறை கட்டிக்கொண்டார். அம்மா ஆரத்தித் தட்டோடும், அண்ணி குழந்தையோடும் வாசலுக்கு வந்தார்கள். வாசலில் இரண்டு பக்கமும் வாழை மரம், மாவிலைத் தோரணம், சீரியல் பல்பு. சேகர் அண்ணன் குறை வைக்கவில்லை. நாங்கள் வரிசையாக நின்று எதிரே பார்த்தோம். எதிரே பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு மலை. நடுவில் மேகம். அந்த வாசல் வழியாக வரக்கூடியது அது ஒன்றுதான்.

அண்ணன் இறங்கி நின்று போட்டோ எடுத்த சரிவு இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மேளச் சத்தம் கேட்டது. நாயனமும் கேட்டது. எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"மலையாச்சே, எதிரொலி அடிக்குது" என்றார் அப்பா. நாங்கள் தொடர்ந்து மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரொலி நெருங்கி வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அண்ணிதான் முதலில் திரும்பினாள்.

ரோட்டுப் பக்கம் மாமா, சொந்தக்காரர்கள், வரிசைத் தட்டுகள், மேளக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது கோயிலிலிருந்து சமையல் கொட்டகை வரைக்கும் நீளமாக ஒரு துணிச்சுவர். அதற்கு முன்னால் கட்டிப்போட்ட சில ஆடுகள். வரவேற்க ஒரு ஆள் இல்லை. ஆடுகள்தான் வந்தவர்களைப் பார்த்துக் கத்தியிருக்கின்றன.

"உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்று மாமாவின் குரல் துணிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

அப்பா ஓடிப்போய், துணிக்கு எதிரே கைகூப்பி நின்றார். "வாங்க மாப்ள, வாங்க" என்றார். வருவதற்கு வழியில்லாத ஒரு மனிதரை வாங்க என்று எத்தனை தடவை சொல்ல முடியும். அப்பா நிறையத் தடவை சொன்னார். துணியை அவிழ்க்கச் சொல்லிச் சேகர் அண்ணனைக் கூப்பிட்டார். கம்பத்துக்குக் கம்பம் முடிச்சு போட்டிருக்கிறது, அவிழ்க்க அரை மணி நேரம் ஆகும் என்றார் அவர். கிழிக்கச் சொன்னார் அப்பா. புதுத்துணி, கிழிக்க மனசு வராது என்றார் சேகர் அண்ணன். அப்புறம் லேமினேஷன் போட்ட படத்தை எடுத்துக் காட்டி, "இந்தப் பக்கம் வழி இல்லீங்களே சார், பாருங்க" என்றார். அப்பா பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. துணியின் அடிப்பக்கத்தை இரண்டு பேர் தூக்கிப் பிடித்து, குனிந்து வந்துவிடலாமே என்றார்கள்.

"நான் குனிஞ்சிலாம் வர மாட்டேன்" என்றார் மாமா. குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "வண்டிய திருப்பச் சொல்லு" என்று அந்தப் பக்கம் யாரிடமோ சொன்னார்.

அண்ணி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காட்சியை இன்றைக்கும் என்னால் தமாஷாகச் சொல்ல முடிவதில்லை.

சேகர் அண்ணன் கையிலிருந்த படத்தைப் பிடுங்கிக்கொண்டு, நான் குனிந்து துணிக்கு அடியில் புகுந்து வெளியே போனேன். (என் மரியாதையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.) மாமா வேன் பக்கம் நடந்துகொண்டிருந்தார். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு. முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை.

"மாமா, அப்பா மேல தப்பில்ல. இந்தப் படம் போட்டது நான்தான்" என்றேன்.

படத்தை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேளக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்த ஆடு இன்னாத்துக்கு? இது சைவ சாமியாச்சே."

"அழகுக்கு வெச்சேன் மாமா."

ஆடுகளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி படத்துக்கு வந்தார். "இதுல நான் எங்க கீறேன்?"

நடுவில் இருந்த யானையைத் தொட்டுக் காட்டினேன். அவர் நம்பவில்லை. கண்ணாடியை நெற்றிப்பக்கம் ஏற்றி, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்த யானையா?"

"ஆமாம் மாமா."

"உங்கப்பா?"

ஓரத்தில் கோடாலியோடு நின்றிருந்த பொம்மையைக் காட்டினேன். மாமா வெகுநேரம் அதையே பார்த்தார். யானையைப் பார்த்தார். மறுபடி கோடாலியைப் பார்த்தார். யானை காலளவுக்குக்கூட அப்பா இல்லை. பக்கத்தில் நின்ற தன் சித்தப்பாவிடம் படத்தைக் காட்டி, "பொண்ணு வெவரமாத்தான் போட்டுக்கினு கீது" என்றார். பிறகு என்னிடம், "சரி, குனியாம உள்ள போறதுக்கு வேற வழி ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்.

விறகு கொண்டுபோவதற்காகச் சமையல்காரர்கள் சேகர் அண்ணனிடம் சத்தம் போட்டு, கொட்டகையின் பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். மேளம் மறுபடி தொடங்கியது. தாய்மாமன் சீர், சமையல் கொட்டகை வழியாக உள்ளே நுழைந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். நாயனக்காரர் சாம்பார் அண்டாவின் ஆவியில் ஊதினார். வரிசைத் தட்டுகள் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தன. அங்கேயே ஊர்வலம் நின்றது. கொட்டகைக்கும் பந்தலுக்கும் நடுவில் நான் இடைவெளி விடவில்லை அல்லவா. பரிமாறுகிறவர்கள் குனிந்து போக ஒரு சந்துதான் இருந்தது.

மாமா சந்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"கொயந்தைய இங்க கொண்டாங்க. ஆசாரியையும் கூப்புடுங்க" என்றார்.

நாங்கள் எல்லோரும் குனிந்து சந்து வழியாகக் கொட்டகைக்கு வந்தோம். அப்பாதான் முதலில் குனிந்தார். மாமா அதையும் கவனித்தார் என்று அண்ணி பிற்பாடு சொன்னாள். காலியாகக் கிடந்த பந்தலில் சீரியல் பல்பு எரிந்துகொண்டிருக்க, அரிசி மூட்டை மேல் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில், கவின் காது குத்திக்கொண்டான். குழந்தை அழுதது. வெங்காயத்தால் நாங்களும் அழுதோம். அதில் அண்ணியின் அழுகை மட்டும் வெங்காயத்தால் இல்லை.

காரியம் முடிந்ததும் சமையல் மாஸ்டர் ஒரு தொன்னையை மாமா கையில் கொடுத்தார். அம்மா எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பாயசம். மெனுவில் அதைச் சேர்க்கக்கூடாது என்று மாஸ்டரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. மாமா குடித்தார். இன்னொரு தொன்னை கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றைக்கு முதல் பந்திக்கும் முன்னால் சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்த விசேஷத்தின் ஆல்பத்தில் எல்லாப் போட்டோவிலும் எங்களுக்குப் பின்னால் ஒரு அண்டா நிற்கிறது. தெரியாதவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் மறுப்பதில்லை. மாமா அந்தப் படத்தைச் சேகர் அண்ணனிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போய், களமருதூர் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம் யானையையும் கோடாலியையும் மட்டும் காட்டுகிறார். ஆடுகளைப் பற்றிக் கேட்டால் "அழகுக்கு" என்கிறாராம்.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் மாமா புதுவீடு கட்ட ஆரம்பித்தார். பிளானை நான்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.  இந்தத் தடவை அவர் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தடங்கல் இருக்கக்கூடாது என்று, கூடத்துக்கு, சமையலறைக்கு, படுக்கையறைக்கு, மாடிப்படிக்கு என்று கண்ட இடத்திலெல்லாம் வெளிக்கதவு வைத்தேன். மாமா பிளானைப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஏம்மா சத்யா, இது வூடா பஸ் ஸ்டாண்டா?" என்றார்.

மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம், பொண்ணு யோசிக்காமல் போட்டிருக்காது என்று சொல்லிவிட்டு, அப்படியே கட்டிவிட்டார். களமருதூரில் இறங்கி ஏழுமலை வீடு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பஸ் ஸ்டாண்டு வூடு என்று கேளுங்கள், யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். புதுமனை புகுவிழாவுக்கு நாங்கள் போனபோது எங்களை வரவேற்க மாமா வாசலில் நின்றிருந்தாராம். நாங்கள் வேறொரு வாசல் வழியாக உள்ளே போய், டிபன் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டோம். மூங்கில்துறைப்பட்டுக்காரங்க இன்னும் வரலியே என்று அவர் மத்தியானம் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் சம்சாரம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.